வராத பணத்தில் ஒரு பங்காளி

ஒன்பதாம் அத்தியாயம்

வைரவநாதன் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிற இரண்டு காளைகளுக்கும் அடுத்த வீட்டுக் கருப்பம்மா பெயர் வைத்துவிட்டாள். ஒன்று 'வழக்கு', மற்றது 'தீர்ப்பு'. போன வாரம் அவை பதுளைக் கடைவீதி வழியே கழுத்து மணி குலுங்க நடந்து வந்தபோது நீங்களும் கூடவே வந்தீர்கள். அவற்றை வாங்கிய பணம் வைரவநாதனுடையது அல்ல. வழக்கில் வரப்போகிற நஷ்டஈட்டை நம்பி ஜவுளிக்கடை மொஹிதீன் முதலாளி கொடுத்தது. அந்த நஷ்டஈடு இன்னும் வந்தபாடில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அரிசி வருவதும் தேயிலை போவதும் மாட்டு வண்டியில்தான். வைரவநாதனுக்கு அதுதான் தொழில், ஒரே வண்டி என்றாலும் சொந்த வண்டி. போன பங்குனியில், பசறையில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி கனகத்தைக் காலையில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், நெல்லிமலைத் தோட்டத்துக் கொழுந்துக் கம்பி அறுந்தது. மலைமேலிருந்து ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குக் கொழுந்துச் சாக்குகளை இறக்குகிற கம்பி அது. கம்பியும் அதைத் தாங்கிய மரமும் சாக்குகளும் சேர்ந்து வண்டிமேல் விழுந்தன. இரண்டு மாடுகளும் அந்த இடத்திலேயே செத்தன. வைரவநாதனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கனகத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கம்பி ஓடும்போது வண்டிகளை நிறுத்துவதற்கு, வளைவில் இருக்கிற கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடி இருந்தது என்கிறது தோட்டம். இல்லை என்கிறான் வைரவநாதன். வழக்கு இவ்வளவுதான்.

மொஹிதீன் முதலாளி பணம் கொடுத்த விதமே தனி. வட்டி வாங்குவது அவர் மார்க்கத்தில் ஆகாது. அதனால் பங்குக்கு வந்தார். வழக்கு ஜெயித்தால் வருவதில் மூன்றில் ஒன்று அவருக்கு. தோற்றால் அவருக்கு ஒரு சல்லிகூடக் கொடுக்க வேண்டாம். இப்படி ஒரு ஏற்பாட்டை எழுதினாலும் கோர்ட்டில் நிற்காது என்று வைரவநாதனுடைய வக்கீலான புரொக்டர் கையை விரித்துவிட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே தோள்துண்டை எடுத்து வைரவநாதன் கையில் போட்டு, அதற்குள் அவன் மூன்று விரல்களைப் பிடித்து ஒன்றை மடக்கினார். மாணிக்கக் கல் வியாபாரிகள் பேரம் முடிக்கிற முறை அது. எழுத்தும் கையெழுத்தும் அதோடு சரி.

காளைகள் வந்தன. ஆனால் இன்னும் ஒருநாள்கூட நுகத்தடியில் பூட்டப்படவில்லை. "கால் இன்னும் முழுசா கூடலே" என்று வைரவநாதன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்து வெகுநாளாகிவிட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைவீதி முழுக்க நடக்கிறான், கோயில் படி ஏறுகிறான். வண்டிப் பக்கம் போனால் மட்டும் அவனுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. காலில் ஒன்றும் இல்லை என்று கனகத்துக்குத் தெரியும். தெரிந்ததை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வரும் திங்கட்கிழமை பசறைப் பக்கத் தோட்டமொன்றுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றப் போகாவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும்.

இந்த நிலையில்தான் அன்று காலை புரொக்டரிடமிருந்து ஆள் வந்தது.

---

"நல்ல சேதி," என்றார் புரொக்டர், மூக்குப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே. "தோட்டத்துக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. கேட்டதுல முக்கால்வாசி தர்றாங்களாம். அதுவும் இந்த மாசமே."

வைரவநாதன் கனகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் அத்தனை வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கனகத்துக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மோட்டாரில் போகிற தோட்டத்துத் துரை சும்மா இறங்கி வருவாரா?

"அதுக்கு என்ன செய்யணுங்க?" என்று கேட்டாள்.

"சத்தியம் பண்ணணும்மா. ரெண்டு பக்கமும் சாட்சி சமமா இருக்கு. அதனால அவங்க சத்தியத்துக்கு விடுறாங்க. முருகன் கோயில்ல கற்பூரம் ஏத்தி, உங்க வீட்டுக்காரர் அதைக் கையால அணைச்சு, 'கம்பத்தை என் கண்ணால பார்த்தேன், கொடி இல்லை'ன்னு சொல்லணும். சொன்னா பணம். மாட்டேன்னா வழக்கு தள்ளுபடி. நாளைக் காலையில கோர்ட்டு கூடும்போது நாம பதில் சொல்லணும்."

"கொடி இருந்ததுன்னு அவங்க எதை வச்சுச் சொல்றாங்க?"

"காலையில ஏத்தினது, பொழுது சாயுற வரைக்கும் கம்பத்துலயே பறந்துச்சாம். தோட்டத்து முத்திரை குத்தின சிவப்புத் துணியாம். சாயங்காலம் கணக்கப்பிள்ளை போய்ப் பார்த்தப்பவும் அங்கேயே இருந்துச்சாம். அந்தக் கம்பிக்கு அந்த ஒரு கொடிதான்னு எழுதியே கொடுத்திருக்காங்க."

கனகம் வாயைத் திறப்பதற்குள் வைரவநாதன் சொல்லிவிட்டான்.

"பண்றேங்க. சத்தியம் பண்றேன்."

புரொக்டருக்கே ஆச்சரியம். வியாபாரக் குடும்பத்துத் தமிழர்கள் கோயில் சத்தியம் என்றால் காத தூரம் ஓடுவார்கள் என்று யாரோ துரையின் காதில் ஓதியிருக்க வேண்டும். மெய்யைச் சொல்லிக் கற்பூரம் அணைத்தாலும் அது குடும்பத்தைப் பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள்தான் கடைவீதியில் அதிகம். அந்தப் பயத்தை நம்பித்தான் தோட்டம் இந்த வலையை விரித்திருந்தது.

---

வெளியே வந்ததும் கனகம் நின்றுவிட்டாள்.

"ஏங்க, நீங்க கம்பத்தைப் பார்க்கலையே."

"மெல்லப் பேசு."

"பார்க்கலையேங்க. தூங்கிட்டுத்தானே இருந்தீங்க."

இது மூன்றாம் அத்தியாயத்திலிருந்து நமக்குத் தெரிந்த ரகசியம். பண்டாரவளையிலிருந்து இரவு முழுக்கப் பசறை வரை வண்டி ஓட்டி வந்த அசதி அவனுக்கு. மாடுகளுக்குப் பாதை மனப்பாடம். பாரவண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான்: கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துவிட்டான். கனகம்தான் விழித்திருந்தாள். வளைவில் கம்பத்தைப் பார்த்தாள். கொடி இல்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அவள் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். இது அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"நீ பார்த்தே. நீ பொய் சொல்ற ஆளா? உன் கண்ணு பார்த்தா என் கண்ணு பார்த்த மாதிரிதான்."

"சாமி அப்படிக் கணக்குப் போடுமா?"

"பின்னே என்ன செய்யச் சொல்ற? தூங்கிட்டு வண்டி ஓட்டினேன்னு கோர்ட்டுல சொல்லட்டுமா? அன்னைக்கே வழக்கு முடிஞ்சிடும். மொஹிதீன் நானா ஒரு எழுத்து வாங்காம குடுத்தாரு, கனகம். தோத்தா அவரு பணம் அப்படியே போகும். அவரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கைத்தடியை ஓங்கி ஊன்றிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். கனகத்துக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கடனுக்குப் பயந்து பொய்ச் சத்தியம் பண்ணப் போகிற மனிதனைவிட, நல்லவனுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறவனைத் தடுப்பது கஷ்டம்.

வீட்டில் மாமியார் வடிவம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம்டா."

"அம்மா, கொடி இல்லேங்கிறது மெய்தானே."

"உங்கப்பாவும் மெய்யைத்தான் சொன்னாரு. கடை எல்லைத் தகராறுல கற்பூரத்தை அணைச்சுட்டு வந்தாரு. வருஷம் திரும்புறதுக்குள்ள உன் அண்ணனைக் காய்ச்சல் கொண்டுபோச்சு. எனக்கு இருக்குறது நீ ஒருத்தன். மாடு போகட்டும், வண்டி போகட்டும், இந்த வீடு போனாலும் போகட்டும். நீ கோயில்ல கை நீட்டக்கூடாது."

"நாளைக்கு நீட்டத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு வைரவநாதன் தொழுவத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். வடிவம்மா முறத்தை மறுபடி எடுக்கவே இல்லை.

கனகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளைக் காலைக்குள் ஒரு வழி பிறந்தாக வேண்டும். புருஷனிடம் பேசிப் பயனில்லை, மாமியாரிடம் பேசவும் முடியாது. பணம் யாருடையதோ அவரிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நூல்கண்டு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

---

மொஹிதீன் முதலாளி கடையில் சீத்தைத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கனகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தங்கச்சி. காளைகள் எப்படி? நல்லாத் தின்னுதா?"

"நல்லாத் தின்னுது நானா." அண்ணனை அவர் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தின்னட்டும். அதுல என்ட பங்கும் இருக்குதானே." அவரே சொல்லி அவரே சிரித்தார். "நெல்லிமலைக்காரங்க வியாபாரம் இன்னைக்கு. காலையில இராக்கம்மா வந்து ரெண்டு சேலை எடுத்துட்டுப் போனா. அந்தக் கொழுந்துக் கம்பியை ஓட்டுற அழகர்ட பெண்சாதி. அவனுக்குத் துண்டு குடுத்து அனுப்புறாங்களாம். விடியக் குடும்பத்தோட பண்டாரவளைக்கு நடந்து, ரயிலேறி ஊருக்குப் போறாங்க."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று கொடுக்கிற சீட்டு. கனகத்துக்கு அப்போது அழகரைப் பற்றி நினைக்க நேரமில்லை. தொண்டைவரை வந்து நின்றதைச் சொல்லிவிட்டாள். சத்தியம், தூக்கம், காக்கை உட்கார்ந்த கம்பம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

முதலாளி மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டார். பேசியபோது சிரிப்பு போயிருந்தது.

"தங்கச்சி, ஒரு மாட்டைப் பங்குக்கு விக்கிறவர், அது நொண்டினா முன்னுக்கே சொல்லணும். இதை எனக்குச் சொல்லாம விட்டுட்டீங்க."

"ஆமா நானா. தப்புத்தான்."

"எனக்குக் கோவம்தான் வருது. இல்லேன்னு சொன்னா அது பொய்."

"கோவப்படுங்க. ஆனா நாளைக்கு அவர் கை நீட்டுறதுக்கு முந்தி உங்களுக்குத் தெரியணும்னு நெனைச்சேன். உங்க பணத்துக்காகத்தான் அவர் பண்ணப் போறாரு. உங்களுக்குத் தெரியாம அது நடக்கக்கூடாது."

அவர் எழுந்து கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். தாடியைத் தடவினார். பிறகு திடீரென்று கேட்டார்.

"கொடி இல்லேங்கிறது நிச்சயம்தானா?"

"நிச்சயம் நானா."

"அப்போ தூங்கினா என்ன, முழிச்சிருந்தா என்ன? கொடி இல்லாத கம்பத்தை முழிச்சிருந்து பார்த்தாலும் வண்டி போயிருக்கும்தானே? எவன் நிறுத்துவான்?"

கனகம் அவரையே பார்த்தாள். இத்தனை மாதமாக அவளுக்கும் வைரவநாதனுக்கும் தோன்றாத கேள்வி அது. தூக்கம் என்கிற ஒரே வார்த்தையைக் கட்டிக்கொண்டு இருவரும் அழுதுகொண்டிருந்ததில், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே இல்லை.

"அஸர் தொழுதுட்டு வீட்டுக்கு வாறேன்," என்றார் முதலாளி. "பொய்ச் சத்தியத்துல வாற பணம் என்ட கடைக்குள்ள வரக்கூடாது, ஹராம். நஷ்டம்னா நஷ்டம். பங்காளினா அதுலயும் பங்குதான். அதை உங்கட புருஷனுக்கு நானே சொல்லுறேன்."

கடையை விட்டு வந்த பிறகுதான் நூல்கண்டு வாங்காதது கனகத்துக்கு நினைவு வந்தது.

---

சாயங்காலம் முதலாளி முற்றத்துக்குள் நுழைந்ததுமே வைரவநாதனுக்குப் புரிந்துவிட்டது. கனகத்தை ஒரு பார்வை பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னத்தைடி சொன்னே?" என்றாள் வடிவம்மா. குத்துவிளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

வைரவநாதன் கைத்தடியைக் கீழே போட்டான். முதலாளி வாயைத் திறக்கும் முன்னே அவனே சொன்னான்.

"அம்மா, அன்னைக்கு நான் தூங்கிட்டேன். கயித்தை மடியில போட்டுட்டுத் தூங்கிட்டேன். கண்ணைத் திறக்குறப்போ மாடு ரெண்டும் கிடக்குது. அதுங்களை நான்தான் கொன்னேன்னு தெனமும் நெனைக்கிறேன். இந்தப் புது மாட்டுகிட்ட போனா அதுங்க கண்ணுதான் தெரியுது."

சொல்லி முடித்ததும் குழந்தை மாதிரி விம்மினான். கனகம் அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்து அவளுக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வினோதம்தான், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

முதலாளி தன் கேள்வியை மறுபடி கேட்டார். கொடி இல்லாத கம்பத்தை முழித்திருந்து பார்த்தால் மட்டும் வண்டி நின்றிருக்குமா என்று. வைரவநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "நின்னிருக்காது" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்போ சத்தியம் உங்களுக்குத் தேவையில்ல தம்பி. தேவை என்னண்டா, அவங்கட பேச்சைப் பொய்யாக்குற ஏதாவது ஒண்டு."

"அதுக்கு எங்கே போறது நானா?" என்றாள் கனகம். "கொடி சாயங்காலம் வரைக்கும் கம்பத்துல இருந்துச்சுன்னு கணக்கப்பிள்ளையே சொல்றாரு. தோட்டத்து முத்திரை குத்தின சிவப்புத் துணியாம். அந்த ஒரு துணிதானாம்."

விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்த வடிவம்மாவின் கை நின்றது.

"என்ன முத்திரை?"

"ஸ்டோர்ல எல்லாச் சாமான்லயும் குத்துறதுதான் அத்தை. வட்டத்துக்குள்ள மலை மாதிரி."

"கறுப்பா இருக்குமா?"

"கறுப்பாத்தான் இருக்கும்."

வடிவம்மா நிமிர்ந்து சாமி படத்துக்குப் பக்கத்தில், உத்தரத்திலிருந்து தொங்கிய சின்ன முடிச்சைப் பார்த்தாள். எல்லோரும் அவள் பார்வையைத் தொடர்ந்தார்கள். போன பங்குனியிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு காசு முடிந்துவைத்த காணிக்கை. மஞ்சள் துணியில் முடிய வேண்டியது, ஏனோ சிவப்புத் துணியில் இருந்தது. அதைக் கனகம் தினமும் பார்த்திருக்கிறாள். ஏன் சிவப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரியில இவன் தொடையில இருந்த கட்டை வெட்டி எடுத்து என் கையில குடுத்தாங்க," என்றாள் வடிவம்மா மெதுவாக. "அந்த நேரத்துல மஞ்சத் துணிக்கு எங்கே போவேன்? பைப்படியில அலசி, மஞ்சத் தண்ணியில முக்கி, அதுலயே காசை முடிஞ்சேன். அலசுறப்போ கறுப்பா ஏதோ இருந்துச்சு. போகாத கறைன்னு நெனைச்சு உள்பக்கமா வச்சு முடிஞ்சுட்டேன்."

கனகத்துக்குக் கம்பி அறுந்த நாள் கண்முன் வந்தது. அன்று புருஷனை மரத்துக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தது அழகர்தான். "ஐயோ, ஏத்தலையே, ஏத்தலையே" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை அவள் பிரமை பிடித்தாற்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். எதை ஏற்றவில்லை என்று அப்போது உறைக்கவில்லை. ரத்தம் நிற்காததைக் கண்டு இடுப்பில் மடித்துச் செருகியிருந்த ஒரு துணியை உருவி அவன்தான் தொடையில் கட்டினான். அது அவன் தலைத்துண்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அழகர் இடுப்புலேர்ந்து எடுத்தான், அத்தை. நான் பார்த்தேன். கம்பத்துலேர்ந்து இல்ல, இடுப்புலேர்ந்து."

"அவிழ்த்துப் பாருங்கம்மா," என்றார் முதலாளி அவசரமாக.

"அவிழ்க்க முடியாது தம்பி."

"ஏன்?"

"நேர்த்தி நிறைவேறாம முடிச்சை அவிழ்த்தா சாமிகிட்ட சொன்ன சொல்லை நானே பிடுங்கின மாதிரி. என் மகன் பிழைச்சு வந்து பழையபடி வண்டி ஏறணும், ஏறினா வந்து காசைப் போடுறேன்னு சொல்லி முடிஞ்சிருக்கேன். பிழைச்சான். இன்னும் ஏறலையே."

தொழுவத்தில் காளை ஒன்று தலையை ஆட்டியதும் மணி கிணுகிணுத்தது.

வைரவநாதன் வாசல் ஓரத்தில் நுகத்தடி இறங்கிக் கிடந்த தன் வண்டியைப் பார்த்தான். கனகம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் அவளுக்காக ஏறுவான், அது போதாது என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் தொழுவத்துக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்துத்தான் இருந்தது. 'வழக்கை' இடப்பக்கம் பூட்டினான், 'தீர்ப்பை' வலப்பக்கம். பூட்டுக்கயிற்றை இழுத்துக் கட்டும்போது முடிச்சு ஒருமுறை நழுவியது. முதலாளி உதவிக்குப் போகப் பார்த்தார். கனகம் கண்ணால் தடுத்துவிட்டாள்.

முறிந்த காலை முதலில் வைத்து ஏறப் பார்த்தான், வழுக்கியது. இறங்கி நின்று மூச்சு வாங்கினான். மறு காலை வைத்து எம்பினான். ஏறிவிட்டான். வண்டிமேல் உட்கார்ந்து கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாதவன் போல் எல்லோரையும் பார்த்தான்.

"ஏறிட்டேம்மா," என்றான்.

வடிவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணையைப் போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து முடிச்சை இறக்கினாள். பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசு அவள் உள்ளங்கையில் விழுந்தது. துணியை வெளிச்சத்தில் பிடித்து விரித்தாள். கசங்கி, ஓரம் கிழிந்து, சிவப்பு மங்கியிருந்த துணியின் நடுவில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு மலையும் கறுப்பாக இருந்தன.

முதலில் பேசியது முதலாளிதான். "சாயங்காலம் வரைக்கும் கம்பத்துல பறந்த கொடி, மத்தியானமே பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு. நல்ல கொடிதான்."

வடிவம்மா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் கனகத்துக்கு வேறொன்று உறைத்தது. புரொக்டர் என்ன கேட்பார் என்று இங்கிருந்தே அவள் காதில் விழுந்தது. இந்தத் துணி இடுப்பிலிருந்து வந்ததா, கம்பத்திலிருந்து வந்ததா என்று யார் சொல்வது? வழக்காடுகிறவன் பெண்டாட்டி சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்ல வேண்டியவன் அழகர்.

"நானா, அழகர் எப்போ கிளம்புறான்னு சொன்னீங்க?"

"விடிய." சொன்ன பிறகுதான் அவருக்கும் புரிந்தது. "துண்டு குடுத்து, கோர்ட்டு கூடுறதுக்கு முந்தியே ஏன் அனுப்புறாங்கண்டு இப்பத்தானே விளங்குது."

"ஏங்க, நெல்லிமலையில அழகர் குடியிருக்கிற லயத்துக்கு இங்கேயிருந்து எவ்வளவு நேரம்?"

வைரவநாதன் காளைகளைப் பார்த்தான். "சும்மா வண்டிதானே. இப்பப் புறப்பட்டா லயத்துல சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடலாம்." அவன் குரலில் பழைய வண்டிக்காரன் வந்துவிட்டான்.

அழகர் பேசுவானா? தோட்டம் அவனுக்குக் கொடுப்பதைக் கொடுத்து வாயைக் கட்டியிருக்கலாம். பிள்ளைகுட்டிக்காரன், நமக்கேன் வம்பு என்று ரயிலேறிவிடவும் கூடும். ஆனால் ரத்தத்தைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதவன் அவன். கனகம் அந்த அழுகையை நம்பினாள். துணியை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழகர் அன்றைக்குச் செருகியிருந்தது போலவேதான்.

"நானும் வாறேன்," என்று முதலாளி வண்டியில் ஏறினார். "என்ட பங்கு போற இடத்துக்கு நான் போகாம யார் போறது? மஃரிபை வழியில தொழுதுக்குவேன்." ஏறியவர் மறுபடி இறங்கி, தோளில் கிடந்த மஞ்சள் கரைத் துண்டின் ஓரத்தைச் சரக்கென்று கிழித்து வடிவம்மாவிடம் நீட்டினார். "காசைச் சும்மா கையில வச்சுட்டு நிக்காதீங்கம்மா. கதிர்காமத்துக்குப் போற வரைக்கும் இதுல இருக்கட்டும்."

வடிவம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வண்டி கடைவீதியைத் தாண்டிப் பசறைப் பாதையில் திரும்பியபோது வெயில் மலை உச்சிகளில் மட்டும் இருந்தது. அடுத்த வீட்டுக் கருப்பம்மா வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வைரவநாதன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். முதல் வளைவு வந்ததும் அவன் பிடி இறுகுவதைக் கனகம் கவனித்தாள்.

"கனகம்."

"ம்."

"எனக்குக் கண்ணு சொக்கினா எழுப்பு."

"எழுப்ப மாட்டேன்," என்றாள் கனகம். "கயித்தை நான் வாங்கிக்குவேன்."

பின்னால் முதலாளி கனைத்துக்கொண்டார். வைரவநாதன் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு, தூக்கமே வராத அந்த நேரத்தில், வலப்பக்கக் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.